வலிக்கிறது என்றால் குனியவே கூடாதா?

கேள்வி: எனக்கு வயது 46. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டும் வேலை செய்கிறேன். மூன்று மாதமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கீழ் முதுகில், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக வந்தது. "இனி குனியாதே, பாரம் தூக்காதே" என்கிறார்கள். பெல்ட் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறேன், குறையவில்லை. வர்ம ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவினால் இரண்டு நாள் சுகம், பிறகு பழையபடிதான். பால்வெட்டை விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம், அம்மா. ஆனால் முதலில் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கீழே விழுந்தபின் வந்த வலி என்றாலும் தள்ளிப்போடக் கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால், அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும், ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படிப் பிதுக்கம் தெரியும். தலைமுடி நரைப்பதுபோலத்தான்.

அப்படியானால் ஏன் வலிக்கிறது? வலி நம் உடம்பின் காவல்நாய். ஒருமுறை திருடன் வந்துபோன வீட்டு நாய், அப்புறம் தோட்டத்தில் ரப்பர் காய் வெடித்தாலும் குரைக்கும். தூக்கம் கெட்டாலும், "வேலை போய்விடுமோ" என்ற கவலையிலும் அதன் குரல் கூடும். வலி நிஜம்தான், ஆனால் வலிக்கிற ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ கிழிகிறது என்று அர்த்தமில்லை.

இதே வேலை செய்யும் ஒருவர் என்னிடம் வந்தார். தரையிலிருந்து செருப்பை எடுக்கச் சொன்னேன். ஒரு கையை மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, பலகைபோல விறைத்துக்கொண்டு பாதிதான் இறங்கினார். சற்று நேரத்தில் கீழே இருந்த பையில் போன் அடித்தது. சட்டென்று குனிந்து எடுத்துவிட்டார்! முதுகுக்குக் குனியத் தெரிந்திருந்தது. பயம்தான் அதை இறுக்கி வைத்திருந்தது.

வளர்ந்தவர்களின் டிஸ்குக்குள் ரத்தக்குழாய் அநேகமாகக் கிடையாது. அமுங்கி விரியும்போதுதான் ஊட்டம் உள்ளே இறங்குகிறது. சும்மா கிடந்தால் தசையும் மெலியும். பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றச் சொல்வது இதனால்தான்.

தினமும் காலையில் பத்து நிமிடம் நடங்கள். நாற்காலியில் பத்துமுறை உட்கார்ந்து எழுங்கள், மூச்சைப் பிடிக்காமல். பிறகு வெறும் வாளியைத் தரையிலிருந்து எடுத்துப் பழகுங்கள். வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் கூட்டுங்கள். பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி வந்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் பரவாயில்லை. அடங்காவிட்டால் நிறுத்த வேண்டாம், முந்தின வார அளவுக்குத் திரும்புங்கள்.

மரத்துக்குத் திரும்பும்போது மூன்றில் ஒரு பங்கு மரம் போதும். வெட்டு மேலே இருக்கும் மரங்களாகப் பார்த்துத் தொடங்குங்கள். வெட்டு கீழே இறங்கிய மரங்களில்தான் குனிவு அதிகம். ஒன்றுவிட்ட ஒருநாள் வெட்டு என்றால் இன்னும் நல்லது, நடுவில் உடம்பு தேறிக்கொள்ளும்.

ஆசான் தடவிவிட்டபின் கிடைக்கும் அந்த இரண்டு நாள் சுகத்தைப் படுத்துக் கழிக்காதீர்கள். பயிற்சியை அப்போதே செய்யுங்கள், நாய் கொஞ்சம் அமைதியாக இருக்கும் நேரம் அது.

ஆறு வாரம் கழித்து எத்தனை மரம் வெட்ட முடிகிறது என்று எழுதுங்கள்.