மாமியார் காதில் விழுந்த சத்தம்

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன், பக்கத்து வீட்டுக்காரர்கள் மாற்றலாகி வெளிமாநிலம் போனபோது, அவர்கள் வளர்த்த மூன்று வயதுப் பெண் கினி பிக்கை, முயலைவிடச் சிறிய அந்தக் கொறிக்கும் பிராணியைக் கூண்டோடு எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ஆசைப்பட்டதால் வாங்கிக்கொண்டோம். கூண்டில் விரிக்கும் வெள்ளைத் துணியில் தினமும் காலையில் ஆரஞ்சு நிறக் கறையும், சில இடங்களில் காய்ந்த வெள்ளைப் பொடியும் தெரிகின்றன. கைப்பேசியில் படம் எடுத்து, நிறத்தை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். நன்றாகத்தான் சாப்பிடுகிறது. சிறுநீர் போகும்போது அது கீச்சென்று கத்துவதாக என் மாமியார் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு 74 வயது, காதும் சரியாகக் கேட்காது. பகலெல்லாம் கூண்டுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். கீரை ஆயும்போது முருங்கைக்கீரையை அதற்கும் கொடுத்துவிடுகிறார், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. அந்த ஆரஞ்சு நிறம் இரத்தமா? இன்னும் எத்தனை நாள் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம்?

– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: சகோதரி, நாளைக் காலையிலேயே போக வேண்டும். உங்கள் நோட்டில் உள்ள எந்த நிறமும் அதற்குக் காரணமில்லை. உங்கள் மாமியார் சொன்னதுதான் காரணம்.

கறையைப் பற்றி அவ்வளவு விரிவாக எழுதிய நீங்கள், கடிதத்திலேயே முக்கியமான செய்தியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு, அவருடைய வயதையும் காதையும் காட்டி அதைத் தள்ளியும் வைத்துவிட்டீர்கள். வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது கூர்மையான, உச்சக் குரல் ஒலிகளைத்தான். கினி பிக்கின் கீச்சொலி அந்த வகையைச் சேர்ந்தது. மந்தமான காதுக்கே அது எட்டியிருக்கிறது, அதுவும் சிறுநீர் போகும் நேரத்தில்தான் வருகிறது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குப் பலமுறை எட்டியிருக்கிறது என்றால், அந்தச் சத்தம் சின்னதாக இருக்க வழியில்லை. எதைக் காரணம் காட்டி அவர் பேச்சைத் தள்ளினீர்களோ, அதுவே என் கண்ணுக்கு அவர் பேச்சுக்கு வலுச் சேர்க்கிறது. நீங்கள் காலையில் பார்ப்பது இரவெல்லாம் கிடந்து காய்ந்துபோன துணி. அவரோ அந்தப் பிராணி ஒரு மூலையில் ஒதுங்கி, முதுகைக் கூனி, முக்குகிற அதே நேரத்தில் பக்கத்தில் இருக்கிறார். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில், நோய் குழந்தைக்கானாலும் நாய்க்கானாலும், இதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: வீட்டோடு இருக்கும் பெரியவர் முதலில் சொல்லியிருப்பார், வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஒரு வாரம் கழித்துத் தாங்களே கண்டுபிடித்ததுபோல் டாக்டரிடம் ஒப்பிப்பார்கள்.

சிறுநீர் போகும்போது கத்துவது வலியின் அடையாளம். சிறுநீர்ப் பாதையில் கல்லோ, தொற்றோ, இரண்டும் சேர்ந்தோ இருக்கலாம். பெண் கினி பிக்குக்குச் சிறுநீர்த் துவாரம் ஆசனவாய்க்கு மிக அருகில் இருப்பதால் கிருமி ஏறுவது எளிது. நடுவயதைத் தொடும்போது கல் வருவதும் அதிகம். ‘நன்றாகத்தான் சாப்பிடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர்கள் நோயை வெளியே காட்டுவதில்லை, முடிந்தவரை மறைத்துக்கொள்ளும். அது சாப்பாட்டை நிறுத்தும் நாளில் நோய் முற்றியிருக்கும். அரைநாள் சாப்பிடாமல் கிடந்தாலே குடல் இயக்கம் நின்று, அதுவே தனி ஆபத்தாகிவிடும். அடிக்கடி முக்கியும் சிறுநீர் வராமல் நின்றுவிட்டாலோ, நாளைக் காலை வரைகூடப் பொறுக்கக் கூடாது, அந்த நேரமே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட நிறத்துக்கு வருகிறேன். கினி பிக்கின் சிறுநீரில் இயல்பாகவே கலந்துவரும் போர்ஃபிரின் என்னும் நிறமிகள், வெளியே வந்து சிறிது நேரம் கிடந்தால் ஆரஞ்சாகவும் செங்கல் நிறமாகவும் மாறுவதுண்டு. ஆகவே காய்ந்த கறை இரத்தமாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம். எத்தனை படம் எடுத்தாலும் அதிலிருந்து விடை வராது. பார்க்க வேண்டியது அப்போதுதான் விழுந்த சிறுநீரை. விழும்போதே சிவப்பாகவோ, சிவப்பு இழையோடியோ, சிறு கட்டிகளோடோ இருந்தால், பீட்ரூட் எதுவும் கொடுக்காத நிலையில், இரத்தம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரத்தம் கர்ப்பப்பையிலிருந்தும் வரக்கூடும் என்பதால், எங்கிருந்து வருகிறது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைச் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை காட்டிக்கொடுக்கும்.

வெள்ளைப் பொடிக்கும் காரணம் உண்டு. இந்தப் பிராணியின் குடல் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத் தேவைக்கு மேலேயே உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிறது. அதன் சிறுநீர் காரத்தன்மை உடையது. அமில, காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு பெரும்பாலும் 8 முதல் 9 வரை இருக்கும். அதில் கால்சியம் கார்பனேட் எளிதாகப் படியும். காய்ந்த படிவை விரல்களுக்கு இடையே தேய்த்துப் பாருங்கள். முகப் பவுடர் போல் மிருதுவாக இருந்தால் கவலையில்லை. மணல் நெருடுவதுபோல் தெரிந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் கினி பிக்கைப் பார்ப்பதில்லை. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். யாரும் கிடைக்காவிட்டால் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், இந்த வகைக் கற்கள் அதில் தெளிவாகத் தெரியும். சிறிய கல் துவாரத்துக்கு அருகில் சிக்கியிருந்தால், மயக்கம் கொடுத்து அறுவையில்லாமலே எடுக்க முடிவதுண்டு. சிறுநீர்ப்பைக்குள் இருந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். பட்டினி போட்டு அழைத்துச் செல்லாதீர்கள், வழியெல்லாம் பெட்டிக்குள் புல் இருக்கட்டும். உச்சி வெயிலில் கிளம்பாதீர்கள், 30 டிகிரிக்கு மேல் அதன் உடம்பு தாங்காது. மகனுக்கு வாங்கி மிஞ்சிய அமாக்ஸிசிலின் சிரப் அலமாரியில் இருந்தால், அதை ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது. பெனிசிலின் வகை மருந்துகள் வாய்வழியாகப் போனால் கினி பிக்கின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, உயிரையே வாங்கிவிடும். டாக்டர் எழுதித் தரும் மருந்தின் பெயரையும், இது கினி பிக்குக்கு ஆகுமா என்பதையும் அவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அதில் கூச்சம் எதற்கு?

கட்டாயம் உங்கள் மாமியாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். எத்தனை முறை முக்குகிறது, எப்போது கத்துகிறது, கத்திய பிறகு எவ்வளவு சிறுநீர் வருகிறது என்று டாக்டர் கேட்கும்போது, பதில் தெரிந்தவர் உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான்.

முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டும் என்பது உண்மை. 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, அகத்திக்கீரையிலோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மனிதர்களுக்கு வரமாக இருப்பது இந்தப் பிராணிக்குச் சுமை. ஆனால் கல் வந்ததற்கு மாமியார்தான் காரணம் என்று நாளைக்கு ஆரம்பித்துவிடாதீர்கள். மூன்று வாரக் கீரையில் முளைக்கிற கல் இல்லை இது, இருக்குமானால் பழைய வீட்டிலேயே தொடங்கியிருக்கும். உணவு தவிர உடல்வாகு, தண்ணீர் குறைவாகக் குடிப்பது என்று வேறு காரணங்களும் உண்டு. அவரிடம் ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள், ஏன் வேண்டாம் என்று உட்கார்ந்து சொன்னீர்களா? வயதானவர்களுக்கு உத்தரவு போடுவதும், பிறகு கேட்பதில்லை என்று குறைப்படுவதும் இப்போது எல்லா வீட்டிலும் வழக்கமாகிவிட்டது. எனக்கு அது ஒரு நாளும் பிடித்ததில்லை. கீரைக்குப் பதிலாக அவர் கையில் அருகம்புல்லைக் கொடுங்கள், மருந்து அடிக்காததாகப் பார்த்து வாங்கி அலசி வைத்துவிடுங்கள், அள்ளி அள்ளிக் கொடுக்கட்டும். காய்ந்த புல் வாங்கினால் டிமோதி வகையாக இருக்க வேண்டும். குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) என்னும் தீவனம் கால்சியம் மிகுந்தது, குட்டிகளுக்கும் சினையானவற்றுக்குமே ஏற்றது. வைட்டமின் சி அதன் உடம்பில் உற்பத்தியாவதில்லை, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். அதற்குத் தினம் ஒரு துண்டு குடைமிளகாய் போதும். வைட்டமின் சொட்டுகளைத் தண்ணீரில் கலக்காதீர்கள், வீரியமும் போய்விடும், சுவை மாறித் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடக்கூடும்.

மகன் ஆசைப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அந்த வரிக்குப் பிறகு கடிதத்தில் அவனைக் காணவே இல்லை. ஒரு உயிரைக் கேட்டு வாங்கிய பிள்ளை அதற்கு ஊழியமும் செய்ய வேண்டும். பத்து வயது அதற்குச் சின்ன வயது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பள்ளிக்குக் கிளம்பும் முன் சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து, அதற்குள் அதை உட்காரவைத்து எடை பார்க்கட்டும். வளர்ந்த கினி பிக் பொதுவாக 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும். வழக்கமான எடையிலிருந்து 50 கிராம் குறைந்தால் கண்காணிப்பைக் கூட்டுங்கள், 100 கிராம் குறைந்தால் டாக்டரைப் பாருங்கள். பாட்டி பகலில் கண்டதைச் சொல்ல, பேரன் மாலையில் எழுதட்டும். நிற நோட்டை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கல் எடுத்தாலும் மறுபடி உருவாவது சாதாரணம் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்க வேண்டி வரும். அப்போது இந்தக் கணக்கு டாக்டருக்கு உதவும்.

பழைய வீட்டுக்காரர்களை இன்று இரவே போனில் பிடியுங்கள். முன்பு சிறுநீரில் இரத்தம் போனதா, எக்ஸ்ரே எடுத்தார்களா, என்ன மருந்து கொடுத்தார்கள், என்ன தீனி போட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு, அந்தத் தாளையும் நாளை டாக்டரிடம் எடுத்துச் செல்லுங்கள்.