மென்பொருளைக் கண்காணிக்க விலைக்கு வாங்கும் கருவியே இருக்கும்போது, எந்த நிறுவனத்தையும் சாராத பொது முறையான ஓப்பன்டெலிமெட்ரி எதற்கு?

கருவி எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். மென்பொருளின் கோடுக்குள், நடப்பதைப் பதிவுசெய்து அனுப்பும் பகுதியை மட்டும் ஓப்பன்டெலிமெட்ரியில் எழுதுங்கள்.

நான் கோவையில் வேலை பார்க்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் மென்பொருள் செய்கிறோம். அதில் மொத்தம் ஆறு சர்வீஸ்கள், அதாவது தனித்தனியாக ஓடி ஒன்றையொன்று அழைக்கும் நிரல்கள். ஒருநாள் காலையில் வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார்: "ஏனுங்க, ஆர்டர் போட்டா சுத்திக்கிட்டே இருக்குதுங்க." ஒவ்வொரு சர்வீஸும் நடந்ததை வரிவரியாக எழுதிவைக்கும் லாக் ஆறையும் திறந்துவைத்து நேரத்தை ஒப்பிட்டுத் தேடினோம். பல ஆர்டர்கள் ஒரே நொடியில் ஓடுகின்றன. எந்த வரி யாருடையது? சாயங்காலம் வரை பிடிபடவில்லை.

திருப்பூரில் துணி நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங் என்று ஜாப் ஒர்க்குக்கு இடம் இடமாகப் போகும். லாட் நம்பரும் கூடவே போகும். நிறம் மாறி வந்தால் எந்தப் பட்டறை என்று அதை வைத்தே பிடித்துவிடுவார்கள். எங்கள் மென்பொருளில் அந்த நம்பர்தான் இல்லை.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக 2020-ல் வந்த டிரேஸ் கான்டெக்ஸ்ட் தருவது அதைத்தான். ஒவ்வொரு அழைப்போடும் கூடப் போகும் டிரேஸ்பேரன்ட் என்ற ஹெடருக்குள் 32 இலக்கப் பதினறும எண் ஒன்று சர்வீஸ் விட்டு சர்வீஸ் போகும். ஓப்பன்டிரேசிங், ஓப்பன்சென்சஸ் என்ற இரண்டு திட்டங்கள் 2019-ல் இணைந்து உருவான ஓப்பன்டெலிமெட்ரி இதையே பின்பற்றுகிறது. ஒரு சர்வீஸ் ஜாவா, இன்னொன்று பைத்தான் என்றாலும் எண் மாறாது.

எங்களுக்கு இடறியது க்யூவில், அதாவது ஒரு சர்வீஸ் இன்னொன்றுக்கு விடும் செய்திகள் காத்திருக்கும் வரிசையில். எச்டிடிபி அழைப்புகளில் எண் தானாகவே போனது. நாங்களே எழுதிய க்யூவில் அறுந்துபோனது. செய்திக்குள் எண்ணையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் இந்தத் தரவைப் படமாகக் காட்டும் யேகர் என்ற கருவியின் திரையில் ஆர்டர் போன முழுப் பாதையும் தெரிந்தது. இருப்புப் பார்க்கும் சர்வீஸ், எட்டு நிறம் ஆறு சைஸ் உள்ள ஆர்டருக்கு டேட்டாபேஸிடம் 48 முறை தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது! ஒரே கேள்வியாக மாற்றினோம், சரியாகிவிட்டது.

அதற்கு முன் ஒரு நிறுவனத்தின் கருவியை வைத்திருந்தோம். அதன் லைப்ரரி கோடு முழுக்கப் பரவியிருந்ததால், கட்டணம் ஏறியபோதும் விட முடியவில்லை. பிடுங்கி எறிய மூன்று மாதம் ஆனது. இப்போது எல்லாத் தரவும், அதை வாங்கிக் கருவிக்கு அனுப்பும் ஓப்பன்டெலிமெட்ரியின் கலெக்டர் வழியாகப் போகிறது. கருவியை மாற்ற வேண்டுமென்றால் கலெக்டர் அமைப்பில் சில வரிகள்தான். அப்புறம், ஒவ்வொரு ஆர்டரும் போன பாதையின் பதிவான டிரேஸ் எல்லாவற்றையும் சேமித்தால் செலவு கட்டுப்படியாகாது. பிழை வந்தவை, நேரம் இழுத்தவை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, மற்றவற்றில் கொஞ்சம் மட்டும் வைக்கக் கலெக்டரிலேயே வசதி இருக்கிறது.

உங்களிடமும் சொந்த க்யூ இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள்.