கயாக் போலோ: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

ஜேர்மனியில எசன் பக்கம் பள்ளிக்கூடக் காலத்திலயிருந்து கயாக் போலோ விளையாடுறன். கயாக் எண்ட சின்னத் துடுப்பு வள்ளத்தில இருந்துகொண்டு, எதிரணியின்ர கோலுக்குள்ள பந்தை எறியிற விளையாட்டு இது. இப்ப சின்னப் பிள்ளையளுக்குப் பழக்கியும் விடுறன். ஆக்கள் கேட்ட கேள்வியளில சிலதுக்கு என்ர பதில் கீழ இருக்கு.

மட்டக்களப்பிலயிருந்து ஒரு தம்பி: "அண்ணா, வள்ளத்தில இருந்துகொண்டு வோட்டர் போலோ, அவ்வளவுதானே?"

பந்து, தண்ணிக்குள்ள நீந்திக்கொண்டு விளையாடுற வோட்டர் போலோவின்ர பந்துதான். மிச்சமெல்லாம் வேற. களம் 35 மீற்றர் நீளம், 23 மீற்றர் அகலம். பக்கத்துக்கு ஐஞ்சு பேர், மாத்துறதுக்கு மூண்டு பேர். பத்துப் பத்து நிமிசமா ரெண்டு பாதி. கோல் தண்ணிக்கு 2 மீற்றர் மேல தொங்கும். ஒண்டரை மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரம். கோல் காக்கிறதுக்கெண்டு நிரந்தரமா ஒராளும் இல்லை. அந்த நேரம் கோலுக்குக் கீழ நிக்கிறவர் துடுப்பை நிமிர்த்திப் பிடிச்சுக் காப்பார்.

கரையில நிக்கிற சனம் பந்தையே பாக்கும். நான் வள்ளத்தின்ர மூக்கு எங்க நிக்குது எண்டுதான் பாப்பன். காக்கிறவையின்ர ரெண்டு வள்ளத்துக்கு நடுவில மூக்கைச் செருகி, கூட்டாளி ஒராள் உள்ள வாற அளவு இடம் எடுத்தாக் காணும். எறியிறது அதுக்குப் பிறகு வாற வேலை. நல்லா எறியத் தெரிஞ்சும் வள்ளத்தைத் திருப்பத் தெரியாமல் வெளியில இருக்கிற ஆக்களை நிறையப் பாத்திட்டன்.

லண்டனிலயிருந்து ஒரு தங்கச்சி: "ஆளைத் தள்ளிக் கவிழ்க்கிறது சட்டப்படி சரியோ?"

சரி. ஆனா பந்து வைச்சிருக்கிறவரை மட்டும், விரிச்ச ஒரு கையால, முதுகிலயோ மேல்கையிலயோ விலாவிலயோ தள்ளலாம். தலையில கை பட்டால் விசில்தான். பந்தை ஐஞ்சு செக்கனுக்குள்ள விட்டுடவும் வேணும். அதால ஆக்கள் பந்தைக் கொஞ்சம் முன்னால எறிஞ்சிட்டுத் தாங்களே துரத்திப்போய் எடுப்பினம். எதிராளி கை நீட்டி எடுக்கப்போற பந்துக்குக் கிட்டத் துடுப்பைக் கொண்டுபோறதுதான் பெரிய குற்றம். மஞ்சள் அட்டை வாங்கினால் ரெண்டு நிமிசம் வெளியில இருக்கவேணும்.

ரொறன்ரோவிலயிருந்து ஒரு அம்மா: "மகனுக்கு 13 வயசு. கவிழ்ந்தால் உள்ளுக்க மாட்டுப்பட்டுப் போவானோ எண்டு பயமாக் கிடக்கு."

பயப்பிடாதேங்கோ அக்கா. முதல் நாளே பழக்கிறது வெளிய வாறதைத்தான். இடுப்பைச் சுத்தி மூடியிருக்கிற ரப்பர்த் துணிக்கு முன்னால ஒரு வளையம் இருக்கு. கவிழ்ந்து தலைகீழா இருக்கேக்க அதைத் தடவிப் பிடிச்சு இழுத்தால் துணி கழண்டுவிடும், ஆள் தானா வெளிய வரும். இது பழகினாப்பிறகுதான் உருண்டு நிமிர்றதைப் பழக்குவம். எல்லாப் பிள்ளையும் முதல்ல தலையைத்தான் தூக்கப் பாக்கும், அதாலதான் திரும்ப விழும். இடுப்பைச் சட்டெண்டு பக்கவாட்டில அசைச்சு வள்ளத்தை முதல்ல நிமிர்த்தவேணும். தலை கடைசியாத்தான் தண்ணிக்கு வெளியால வரவேணும். குளிர்காலத்தில நீச்சல் தடாகத்துக்குள்ள இதை ஆறுதலாப் பழகலாம்.

முகக்கம்பி வைச்ச ஹெல்மெற், விலாவை மூடுற மிதவை அங்கி ரெண்டும் கட்டாயம். வள்ளத்தின்ர ரெண்டு நுனியிலயும் மெத்தை இருக்கும். எண்டாலும் விரலும் தோளும் நோகும். அதை மறைக்க ஏலாது.

பிராங்பேர்ட்டிலயிருந்து ஒரு நண்பர்: "இதில காசு வருமோ?"

போகும். வராது. புது கார்பன் வள்ளம் ஆயிரத்தி ஐந்நூறு யூரோவைத் தாண்டும். தொடங்கேக்க கிளப் வள்ளம் காணும். போட்டிக்குப் போறதும் எங்கட பெற்றோல் காசிலதான். கரையில விசிலோட நடக்கிற நடுவரும் அனேகமா எங்களைப்போல விளையாடுற ஒராள்தான்.

ஒலிம்பிக்கில இது இல்லை. உலக சாம்பியன்ஷிப் போட்டி 1994இல இங்கிலாந்தில ஷெஃபீல்ட்டில தொடங்கினது. 2002இல அது எசனுக்கே வந்தது. ஒலிம்பிக்கில இல்லாத விளையாட்டுகளுக்கெண்டு நடக்கிற உலக விளையாட்டுகளிலயும் (World Games), 2005இல அது பக்கத்து டூயிஸ்பேர்க்கில நடக்கேக்க, இதைச் சேர்த்தவை. வீட்டு ஆக்கள் இன்னும் "எப்ப ரீவியில வருவாய்?" எண்டுதான் கேக்கினம்.

பெந்தகோஸ்து விடுமுறைக்கு எங்கட பால்டனை ஏரியில ஜேர்மன் கிண்ணப் போட்டி நடக்கும். வெளிநாட்டு அணியளும் வந்து கரையில கூடாரம் அடிச்சுப் படுப்பினம். அந்தக் கிழமை கலியாண வீடு வைச்சால் என்னை எதிர்பாக்கவேண்டாம் எண்டு சொந்தக்காரருக்கு எப்பவோ சொல்லியாச்சு.

திரும்பவும் மட்டக்களப்புத் தம்பி: "எங்கட வாவியில விளையாட ஏலுமோ?"

ஏலும். அலை குறைஞ்ச இடமா, கவிழ்ந்தால் தலை அடியில இடிக்காத ஆழமாப் பாருங்கோ. கோலுக்கு ரெண்டு கம்பமும் குறுக்கால ஒரு கயிறும் காணும். வள்ளம் பிளாஸ்டிக்கா இருந்தாலும் பரவாயில்லை, ஹெல்மெற் இல்லாமல் மட்டும் இறங்காதேங்கோ. முதலை நடமாடுற பக்கம் எதெண்டு முதல்ல மீன்பிடிக்கிறவையைக் கேளுங்கோ. இது கவிழ்ந்து கவிழ்ந்து விளையாடுற விளையாட்டு.