ஒத்தெல்லோவாக யார் நடிக்கலாம், நந்தனாராக யார் நடிக்கலாம்?

ஷேக்ஸ்பியரின் சோக நாடகங்களைப் படமாக்கும்போது கறுப்பின நடிகர்களைப் போடுவது வலிந்து திணிப்பதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். திணிப்பு இல்லை. ஆனால் எல்லா வேடத்துக்கும் ஒரே நியாயம் பொருந்தாது.

2021இல் ஜோயல் கோயன் எடுத்த மெக்பெத் படத்தில் டென்ஸல் வாஷிங்டன் நடித்தார். அந்தக் கதை பதவி ஆசையைப் பற்றியது. நடிப்பவரின் நிறத்தால் அதில் எதுவும் குறைவதில்லை. எனக்கு அதில் பெரிதாகப் பட்டது வயதுதான். அவரும், மனைவியாக வரும் ஃபிரான்சஸ் மெக்டார்மண்டும் அறுபதைத் தாண்டியவர்கள். நரைத்த தாடியோடு அவர் அரியணைக்கு ஆசைப்படும்போது, இதை விட்டால் இனி இல்லை என்கிற தவிப்பு தெரிகிறது.

ஒத்தெல்லோ அப்படியல்ல. வெனிஸுக்காகப் போரிடும் கறுப்பினத் தளபதி அவன், மணப்பது ஒரு வெள்ளைப் பெண்ணை. அங்கே நிறம்தான் கதை. போருக்கு அவன் வேண்டும், மாப்பிள்ளையாக வேண்டாம். 1965 படத்தில் லாரன்ஸ் ஒலிவியே உடம்பில் கறுப்பைப் பூசிக்கொண்டு நடித்தார். அந்தப் படத்துக்கு நடிப்புக்காக மட்டும் 4 ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. பெரிய ஹாலிவுட் நிறுவனத்தின் படத்தில் ஒரு கறுப்பினக் கலைஞர், லாரன்ஸ் ஃபிஷ்பர்ன், ஒத்தெல்லோவாக வர 1995 ஆகிவிட்டது. நடிக்கத் தெரிந்தவர்கள் அதுவரை இல்லாமலா போனார்கள்?

இதை வெள்ளைக்காரர்களின் தகராறு என்று நம்மால் தள்ளிவிட முடியாது. நான் மாயவரம் பக்கத்துக்காரன். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சிவபக்தர் நந்தனாரின் கதையை நந்தனார் சரித்திரமாக எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி வாழ்ந்த ஆனந்ததாண்டவபுரம் எங்களுக்குப் பக்கம்தான். பெரியபுராணத்தில் இல்லாத வேதியரை, அதாவது நந்தனை வேலை வாங்கும் பண்ணையாரை, கதைக்குள் கொண்டுவந்தவர் அவர். சிதம்பரம் போக வேண்டுமா, நாற்பது வேலி நிலத்தையும் முடித்துவிட்டுப் போ என்கிற அந்தக் குரல் எங்கள் ஜில்லாவின் குரல். கடைசியில் நந்தன் தீயில் இறங்குகிறான். பக்தர்களுக்கு அது முக்தி. எனக்கு அது சோகம்தான்.

அந்தக் கதை படமானபோது 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்தார், 1942இல் தண்டபாணி தேசிகர். இருவர் பாட்டும் எனக்கு உயிர். ஆனாலும் சேரியில் பிறந்த ஒருவருக்கு அந்த வேடம் போகவில்லை.

சின்ன வயதில் எங்கள் ஊர்த் திருவிழாவில் நந்தன் நாடகம் பார்த்திருக்கிறேன். நந்தனாக வந்தவர் மேலத்தெருக்காரர். முகம், கழுத்து, முழங்கை வரை கருமை பூசியிருந்தார். வியர்வையில் கழுத்தோரம் அது கரைந்து வெள்ளை வேட்டியில் இறங்கியது. மண்வெட்டியை நுனிக்காம்பில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வருஷம் முழுக்க மண்வெட்டி பிடித்தவர்கள் பந்தலுக்கு வெளியே, வாய்க்கால் கரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களில் நன்றாகப் பாடுகிறவர்கள் உண்டு என்பது ஊருக்கே தெரியும். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. இப்போதும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மலையாளத்தில் ஜெயராஜ் 1997இல் எடுத்த 'களியாட்டம்' இந்த விஷயத்தைச் சரியாகப் பிடித்தது. அதில் ஒத்தெல்லோ, வட கேரளத்தில் தெய்வ வேஷம் கட்டி ஆடும் தெய்யம் சடங்கின் கலைஞன். வேஷம் கட்டியிருக்கும்போது ஊரே கும்பிடும். கலைத்துவிட்டால் கீழ்ச்சாதிக்காரன், அம்மைத் தழும்பு முகக்காரன். நிறத்தின் இடத்தில் சாதி வந்து உட்கார்ந்ததும் கதை நம் தெருவுக்கு வந்துவிடுகிறது. விஷால் பரத்வாஜின் 'ஓம்காரா'வும் (2006) அந்த வழியில் போனதுதான். அதில் நாயகனின் தாய் தாழ்த்தப்பட்ட சாதி.

அதனால் மெக்பெத்தாக யார் வேண்டுமானாலும் நடிக்கட்டும். ஒத்தெல்லோவும் நந்தனும் காலங்காலமாக ஒதுக்கப்பட்டவர்களுக்கு முதலில் போக வேண்டிய வேடங்கள். நந்தன் கதையை யாராவது மறுபடி படமாக்கினால், நடிகர் தேர்வைச் சென்னையோடு முடித்துவிடாமல் சீர்காழி, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்துக் காலனித் தெருக்களிலும் நடத்த வேண்டும்.

நீங்கள் பார்க்கத் தொடங்குவதாக இருந்தால் 'களியாட்ட'த்திலிருந்து தொடங்குங்கள். மலையாளம் தெரியாவிட்டாலும் பாதிக்கு மேல் புரியும்.