கிராமத் தலைவர் ஒருவர் ஊருக்காகப் பேசி உண்மையிலேயே ஏதாவது நடந்ததைப் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு தடவை. அதுவும் பாதிதான் நடந்தது.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. நிலத்தடி நீர் உப்பு. போர்வெல் தண்ணீரில் பாத்திரம் கழுவலாம், பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக் குடிநீர்க் குழாயை நம்பித்தான் இருக்கிறோம். அந்தக் குழாயின் கடைசி ஊர் நாங்கள். வழியில் உள்ள ஊர்கள் பிடித்தது போக மிச்சம் எங்களுக்கு. வராத நாளில் தள்ளுவண்டிதான். எங்கள் பக்கம் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், இரும்புச் சட்டத்தில் குடம் உட்கார வளையம் வளையமாக வைத்த வண்டி. என் அக்கா கல்யாணத்துக்குச் சீரோடு சீராக அதுவும் போனது.

2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் பஞ்சாயத்து பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஜெயித்தது ஒரு அக்கா. ஆனால் ஊர் ‘தலைவரே’ என்று கூப்பிட்டது அவர் வீட்டுக்காரரை. முதல் ஒன்றரை வருடம் அக்கா செக்கில் கையெழுத்துப் போட்டதோடு சரி. டீக்கடையில் அவரைப் பற்றி நக்கலாகப் பேசியவர்களில் நானும் ஒருவன்.

அக்கா செய்த முதல் காரியம் யார் கண்ணிலும் படவில்லை. மோட்டார் ஆபரேட்டரிடம் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, தினமும் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் ஓடியது என்று எழுதச் சொன்னார். வராவிட்டாலும் தேதி போட்டு ‘வரல’ என்று எழுத வேண்டும்.

2022 மே 1 கிராம சபை. பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கூட்டம். கிராம சபைக்குக் கோரம் கணக்கு உண்டு, ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்துக் குறைந்தது 50 பேர், 100 பேர் வர வேண்டும் என்று. வழக்கமாக நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை உட்கார வைத்துக் கணக்கைச் சரிசெய்வார்கள். தீர்மானங்கள் ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கும். வாசிப்பார்கள், கைதட்டுவோம், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவோம். அன்றைக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, குடிநீர் சீராக வழங்கப்படுவதாக ஒரு வரி வரும்வரை.

அக்கா எழுந்து, “அந்த வரியை எழுத வேண்டாம் சார்” என்றார். பிறகு நோட்டைப் பிரித்து வாசித்தார். “ஏப்ரல் ஒண்ணு, வரல. ரெண்டு, வரல. மூணு, ராத்திரி ரெண்டு மணிக்கு இருபது நிமிஷம். நாலு, வரல.” குரலை உயர்த்தவே இல்லை, பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரி வாசித்தார். பத்தாம் தேதிக்கு வந்தபோது முன்வரிசைப் பெண்கள் சேர்ந்து ‘வரல’ சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

பற்றாளராக, அதாவது கூட்டத்தைக் கவனிக்க அரசுத் தரப்பில் வந்திருந்த அலுவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மனுவா எழுதிக் குடுங்கம்மா, அனுப்பி வைக்கிறேன்” என்றார்.

“மனு மூணு குடுத்தாச்சு சார். இதைத் தீர்மானமாவே எழுதுங்க.”

இந்த இடம்தான் முக்கியம். மனு கொடுத்தால் கையில் ஒரு ரசீது எண் மிஞ்சும். தீர்மானம் என்றால் ஊரே கையெழுத்துப் போட்ட புத்தகத்தில் ஏறிவிடும். அப்புறம் அப்படியொரு பிரச்சினையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அரசியல் சாசனத்தின் பதினோராவது அட்டவணையில் பஞ்சாயத்துகளுக்கு உரிய 29 விஷயங்கள் இருக்கின்றன, 11-வது குடிநீர். தண்ணீரைத் திறந்துவிடுகிற வால்வு சாவி யார் கையில் என்பது மட்டும் எந்த அட்டவணையிலும் இல்லை.

தீர்மான நகலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போனார். அங்கே நடந்ததைவிட அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எங்களுக்கு மேலே இருக்கிற இரண்டு ஊர்த் தலைவர்களின் வீட்டுக்கும் நேரில் போனார். ஒருவர் எதிர்க்கட்சி, இன்னொருவர் தூரத்துச் சொந்தம். சொந்தக்காரர்தான் அதிகம் முறுக்கிக்கொண்டார் என்று கேள்வி. அவர்கள் ஊர்க்காரர்கள் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது எல்லோருக்கும் தெரியும். அக்கா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. “வாரத்துக்கு மூணு நாள் காலையில மட்டும் எங்களுக்கு விடுங்கண்ணே” என்று கேட்டாராம். கூடவே போன ஆபரேட்டர் அண்ணன் சொன்னது இது.

இரண்டு மாதம் இழுத்தது. அப்புறம் வாரம் மூன்று நாள் தண்ணீர் வந்தது.

அதற்கு முன்னால் காலிக் குடத்தோடு சாலை மறியலும் இரண்டு தடவை செய்திருக்கிறோம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், அன்றைக்குச் சாயங்காலமே லாரித் தண்ணீர் வந்துவிடும். என்ன, ஒரு வாரத்தில் லாரியும் நின்றுவிடும். மைக் பிடித்து நரம்பு புடைக்கப் பேசுகிற தலைவர்களையும் பார்த்திருக்கிறேன், நாலு நாள் கழித்து என்ன கேட்டோம் என்பது அவர்களுக்கே நினைவிருக்காது. அக்காவுக்கு ஏப்ரல் 14 அன்று தண்ணீர் வந்ததா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வார்.

2025 ஜனவரியோடு அவர் பதவிக்காலம் முடிந்தது. உடனே தேர்தல் வரவில்லை. தலைவர் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். அந்தக் கோடையில் மூன்று நாள் இரண்டு நாளானது. தண்ணீர் வராத காலையில் ஆபரேட்டர் அண்ணன் முதலில் போன் போட்டது அக்காவுக்குத்தான். நோட்டும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. அது நாலாவது நோட்டு.