கோவாத் துறைமுகத்தில் துரைமார்

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது துரைமார் சிலர் கோவாவில் நின்ற ஜெர்மன் கப்பலை இரவோடிரவாகத் தாக்கினார்களாம். போரில் சேராத நாட்டின் துறைமுகம் என்பதால் யாருக்கும் நட்டமில்லை என்கிறார் என் நண்பர். சரிதானா?
– வாசகர், ஹட்டன்

பதில்: சரியில்லை. அவர்களின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. நட்டமில்லை என்பதைத்தான் ஏற்க முடியாது. 1943 மார்ச் 9 இரவு, கோவாவின் மர்மகோவாத் துறைமுகத்தில் எஹ்ரன்ஃபெல்ஸ் என்ற அந்த ஜெர்மன் கப்பலில் ஏறியவர்கள் கல்கத்தா லைட் ஹார்ஸ் என்ற தொண்டர் படையினர். கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த நமது தோட்டத் துரைமாரின் ரைபிள் படையைப் போன்றதுதான் அது. பலர் இளமையைக் கடந்த, கம்பனிகளில் வேலை பார்த்தவர்கள். கல்கத்தாத் துறைமுகத்தில் சேறு சுமந்த ஃபீபி என்னும் கலம் இலங்கையைச் சுற்றிக்கொண்டு கொச்சிக்கு வர, அவர்கள் ரயிலில் வந்து அதில் ஏறினார்கள்.

நீர்மூழ்கிகளுக்கு அந்தக் கப்பலிலிருந்து ரகசிய வானொலித் தகவல் போகிறது என்று நம்பிய பிரித்தானியா, ஏன் தன் கடற்படையை அனுப்பவில்லை? நடுநிலை நாட்டின் கடலில் சண்டையிடுவதை 1907 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை தடுக்கிறது. அப்போது கோவாவை ஆண்ட போர்த்துக்கலைப் பகைக்கவும் பிரித்தானியாவுக்கு மனமில்லை. அசோர்ஸ் தீவுகளில் தளம் அமைக்க அந்த நாடு இடம் கொடுத்தது அதே ஆண்டு ஓகஸ்டில்தான். ஆகவே, பிடிபட்டால் "எங்களுக்குத் தெரியாது" என்று கைகழுவ வசதியான ஆட்களைத் தேடிப்பிடித்தார்கள். கப்பல் தலைவன் உட்பட மாலுமிகள் சிலர் இறந்தார்கள். எஞ்சியவர்கள் தாங்களே கப்பலை மூழ்கடித்தார்கள்.

பிறர் சண்டைக்குத் தன் மண்ணில் இடம் கொடுத்த நடுநிலை நாடு என்ன விலை கொடுத்தது என்பதற்கு வென்லோ என்ற ஊரைப் பாருங்கள். 1939 நவம்பர் 9 அன்று, நடுநிலை வகித்த நெதர்லாந்தின் எல்லையில், ஜெர்மானியர் இரண்டு பிரித்தானிய உளவு அதிகாரிகளைக் கடத்தினார்கள். உடனிருந்த டச்சு அதிகாரி சுடப்பட்டு இறந்தார். டச்சுக்காரர்கள் பிரித்தானிய உளவுக்குத் துணைபோனார்கள் என்பதையே 1940 மே மாதப் படையெடுப்புக்கு நியாயமாக ஹிட்லர் தரப்பு காட்டியது.

கோவாவின் நடுநிலையும் லிஸ்பனில் தீர்மானிக்கப்பட்டதே; அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1944 இல் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தபோது மலையகத்தில் கொழுந்து பறித்தவர்களையும் யாரும் கேட்கவில்லை. யாருக்கும் நட்டமில்லை என்று உங்கள் நண்பர் சொல்லும்போது, அந்த "யாருக்கும்" என்பதில் இவர்களைச் சேர்த்தாரா என்று கேளுங்கள்.