பின்வாசல் எங்கே இருக்கிறது?

கே: என் மகன் நல்ல மார்க் எடுத்தும் எம்.பி.பி.எஸ். சீட் கிடைக்கவில்லை. அவனைவிடக் குறைவாக எடுத்தவர்கள் இடஒதுக்கீடு என்ற பின்வாசல் வழியாக உள்ளே போய்விட்டார்கள். இது நியாயமா?
– ஒரு தகப்பன், காட்பாடி

ப: பின்வாசலா? வேலூர்ப் பக்கத்துக்காரர் இந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசித்து எழுதியிருக்கலாம். நம் கோட்டைக்குப் பின்வாசலே கிடையாது. சுற்றிலும் அகழி, கிழக்கே ஒரே வாசல். இதை எழுதினால் போதும், விரிஞ்சிபுரம் வரை சுரங்கப்பாதை இருக்கிறது, ராஜா அதில் குதிரையிலேயே போனார் என்று நாலு பேர் கடிதம் போடுவார்கள். அப்படிப் போன தடவை எழுதியவரிடம், குதிரை குனிந்து போனதா என்று கேட்டிருந்தேன். இன்னும் பதில் இல்லை.

ஆனால் கல்லூரிச் சேர்க்கையில் சுரங்கப்பாதை நிஜமாகவே உண்டு. அதன் பெயர் என்.ஆர்.ஐ. கோட்டா, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீடு. தனியார் கல்லூரிகள் 15 சதவீதம் வரை அப்படிக் கொடுக்கலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதில் குதிரை என்ன, பணமூட்டையோடு யானையே போகலாம். நீட்டில் தேறியிருந்தால் சரி, ரேங்க் எங்கே கிடந்தாலும் ஃபீஸ் தூக்கிவிடும். அந்த யானை உங்கள் கண்ணில் படவில்லை. எண்ணெய் காணாத தலையோடு கவுன்சலிங்குக்கு வந்த பிள்ளைதான் பட்டிருக்கிறது.

இடஒதுக்கீடு, சட்டம் போட்டு, கெஜட்டில் அச்சடித்து, பட்டப்பகலில் திறந்த வாசல். 1951-ல் அரசியல் சட்டத்தை முதன்முதலாகத் திருத்தியபோதே அதற்கு வழி செய்தார்கள். அதற்குக் காரணமான வழக்கும் நம் சென்னை மாகாணத்து மெடிக்கல் சீட் தகராறுதான். (வழக்குப் போட்ட அம்மையார் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது தனிக்கதை.) இன்றைய கணக்கு: பி.சி. 30, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18, எஸ்.டி. 1. ஆக 69 சதவீதம். மீதி 31 திறந்த போட்டி. அதில் உங்கள் மகனும் வரலாம், ரேங்க் இருந்தால் ஜவ்வாது மலைப் பழங்குடிப் பெண்ணும் வரலாம். அப்புறம் ஒரு விஷயம், மகனின் சாதிச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எனக்கு இப்படிக் கோபமாக எழுதுகிறவர்களில் பலர் அந்த 69-க்குள்ளேயே உட்கார்ந்துகொண்டுதான் எழுதுகிறார்கள்.

பையனின் வருத்தம் பொய்யில்லை. சீட்டு கொஞ்சம், கேட்கிறவர் ஏராளம். அதற்குப் பக்கத்து பெஞ்சுக்காரன் என்ன செய்வான்?

சரி, கோட்டைவரை வந்துவிட்டோம், உள்ளே கோயில் கொண்டிருக்கும் ஜலகண்டேஸ்வரரைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. கோபுரம், கல்யாண மண்டபம் எல்லாம் அவருக்கென்றே கட்டியவை. ஆனாலும் பல தலைமுறைக்குக் கருவறை காலி. லிங்கம் கோட்டைக்கு வெளியே சத்துவாச்சாரியில் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்தது. 'சாமியில்லாத கோயில்' என்று வெளியூர்க்காரர்கள் நம்மைக் கிண்டலடித்தார்கள். 1981-ல்தான் உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். இத்தனை வருஷம் வெளியே இருந்தவருக்கு இப்போது எதற்கு இடம், கட்-ஆஃப் எவ்வளவு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. தேங்காய்தான் உடைத்தோம்.